பால்புழு வந்த ஆடி

என் புருஷனின் அண்ணன் பஞ்சாட்சரத்தை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திரா எல்லை கூப்பிடு தூரத்தில் இருப்பதால் அந்த முறை எங்கள் வீடுகளிலும் ஒட்டிக்கொண்டது. பாவா, பாவா என்று அந்த ஆளுக்கு நான் வடித்துக் கொட்டிய சோற்றுக்கு அளவில்லை. அந்தப் பாவாதான் கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு, புழுவைக் கொன்ற கை என்று என் கைக்குப் பட்டம் கட்டினார். மறு வருஷம் அதே வாசலில் அந்தப் பட்டத்தை அவர் வாயாலேயே கழற்ற வைத்தேன். ஐயோ பாவம் பெரிய மனுஷன் என்று யாராவது உச்சுக் கொட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நன்றாக வேண்டும் அவருக்கு.

நாங்கள் லுங்கி நெய்கிற குடும்பம். எழுபதுகளின் கடைசியில் ஊருக்கு ஊர் பவர்லூம் வந்து, கைத்தறிக்காரன் பிழைப்பு நாறிப்போயிற்று. அந்தச் சமயத்தில்தான் மல்பெரிச் செடி நட்டால் பட்டுப்புழு முட்டை தருகிறோம் என்று கவர்மெண்டில் சொன்னார்கள். பாவா முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். கால்வாய்க் கரையில் எங்களுக்கு இருந்த துண்டு நிலத்தில் மல்பெரி வந்தது. தறி இருந்த கொட்டகையில் மூங்கில் தட்டுகள் வந்தன. எங்களைப் பார்த்து ஊரில் பாதிப் பேர் அதே கரையில் செடி நட்டார்கள்.

புழுவைப் பார்த்துக்கொண்டது நான்தான். என் ஓரகத்தி பாஞ்சாலிக்குப் புழு என்றாலே உடம்பு கூசும். எனக்கு அது கூசவில்லை. இலையைப் பொடியாக நறுக்கிப் போடுவது, எச்சத்தைக் கூட்டுவது, ஈரம் பட்ட இலையைத் துடைப்பது, எறும்பு ஏறாமல் தட்டுக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எல்லாம் என் வேலை. நாலாவது தடவை தோலுரித்த பிறகு அதுகள் தின்கிற தீனியைப் பார்த்தால் கல்யாணப் பந்தி தோற்றுப்போகும். கையில் எடுத்தால் ஜில்லென்று இருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிள்ளை இல்லாத குறையை அந்தப் புழுக்கள் கொஞ்சம் மறக்கடித்தன.

அந்த ஆடியில் பாவா திருத்தணி மலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மணிக்கட்டில் காப்பு கட்டியிருந்தார். மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் அவர் நடையே மாறிவிடும். முருகனே நம் வீட்டில் தங்கி இரண்டு வேளை பலகாரம் சாப்பிடுகிற மாதிரி இருக்கும். பொய் பேசமாட்டார், யாரையும் ஏசமாட்டார், தலையில் வந்து உட்காரும் கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். அவரிடம் வருஷத்தில் கொஞ்சம் நல்ல குணம் பார்ப்பது அந்த நாட்களில்தான்.

ஒரு காலை, தட்டில் சில புழுக்கள் தீனி தின்னாமல் விளிம்பில் ஏறி ஏறிச் சுற்றிக்கொண்டிருந்தன. உடம்பு ஊதி, தோல் மஞ்சள் பாரித்து, கணுக்கணுவாகப் புடைத்திருந்தது. ஒன்றைத் தொட்டதும் தோல் பிய்ந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. பால்புழு. அந்தப் பால் பட்ட இலையைத் தின்றால் நல்ல புழுவும் பால் கட்டும் என்று பட்டு இலாகாவிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த சந்திரா அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"பாவா, இதுங்கள இப்பவே பொறுக்கி சுண்ணாம்புக் குழியில போட்டு மூடணும்" என்றேன்.

"காப்பு கட்டிகினு கீறேன், கண்ணு தெரியல? நான் காவடி எறக்கற வரைக்கும் இந்த வூட்டுல ஒரு எறும்பு சாவக் கூடாது."

"நோவு புழு பாவா. எப்படியும் சாவத்தான் போவுது."

"அதுவா செத்தா அது விதி. நாம சாவடிச்சா அது கொலை. எங்கனா பச்சையில வுட்டா பொழச்சிக்கும். நீ உன் வேலையப் பாரு."

கூடு கட்டியதும் மூட்டை கட்டி வண்டியேற்றி விற்பவர் இதைச் சொன்னார். கூட்டுக்குள் இருக்கிற உயிரை வெந்நீரில் போடுகிறவன் வேறு யாரோ. அந்தப் பாவம் வாங்கினவன் தலையோடு போயிற்று. நம் வீட்டுக்குள் சாகாமல் இருந்தால் போதும், விரதம் பத்திரம்.

பாவா பால்புழுக்களைப் பூப்போல முறத்தில் எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்குப் போனதைச் சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? அந்தக் கரையில்தான் எல்லாருடைய தோட்டமும் இருக்கிறது. ஆடித் தூறலில் ஈரமான இலைகளில் அதுகள் ஊர்ந்து, வெடித்து, பாலைப் பூசிவிட்டுச் செத்தன. அந்த இலையைப் பறித்துத்தான் ஊரே தட்டில் போட்டது.

ஊர் முழுக்கப் பால் கட்டியது. கூடு கட்டுகிற நேரத்தில், கொட்டகைக்குக் கொட்டகை கருத்து நாறிப்போன புழுவை வாரிக் கொட்டினார்கள். டீக்கடை வாசலில் கூட்டம் கூடியது. எந்த வீட்டில் முதலில் வந்தது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில்தான். எப்படி வந்தது என்று கேட்டார்கள். காவடி இறக்கி, காப்பை அவிழ்த்துவிட்டு வந்திருந்த பாவா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"வூட்டுக்குத் தூரமா இருந்தப்ப இவ தட்டைத் தொட்டுட்டா. அதுவும் நான் காப்பு கட்டிகினு இருந்தப்ப. சாமி குத்தம்."

நான் தூரமாகவே இல்லை. அது பாஞ்சாலிக்கும் தெரியும். அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். நான் கத்தினேன், பாவா முறத்தில் அள்ளிப் போய்க் கரையில் விட்டதைச் சொன்னேன். தப்பு செய்தவள் காப்பு கட்டின மனுஷன் மேலேயே பழி போடுகிறாள் பார் என்று அதற்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது. அன்றிலிருந்து நான் பால்புழு ரஞ்சிதம். எவள் வீட்டுக் கொட்டகைப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தினாள். வளைகாப்புக்கு அழைப்பில்லை. குழாயடியில் என் குடத்துக்கு அடுத்து யாரும் குடம் வைக்கவில்லை.

என் புருஷன் துரைக்கண்ணு என்னை ரயிலேற்றி மணவூரில் என் அண்ணன் ராஜவேலு வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

"ஊரு வாயி அடங்கட்டும். நானே வந்து கூட்டிகினு போறேன்."

"நீங்க நம்பறீங்களா? நான் தொட்டேன்னு நம்பறீங்களா?"

"எனக்கு இன்னா தெரியும்? அண்ணன் புழுவ வுட்டாருன்னு நீ சொல்ற. அவரு இல்லன்றாரு. நான் அரக்கோணத்துல நூலுக்கு நின்னுகினு இருந்தேன்."

பாவி மனுஷன், ஒன்றும் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்த கோபமெல்லாம் பாவா மேல்தான். அந்த ஆள் தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும், அதை ஊர் கேட்க வேண்டும், ஊரைவிட முக்கியமாகத் துரைக்கண்ணு கேட்க வேண்டும். சோறு உண்கிறபோதும் அதே நினைப்பு, துணி துவைக்கிறபோதும் அதே நினைப்பு. கல்லில் துணியை அடிக்கிற ஒவ்வொரு அடியும் யாருக்கு விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனின் கிணற்றடி நிலம் சும்மா கிடந்தது. மல்பெரி நட்டேன். சந்திரா அம்மா முட்டை வாங்கித் தந்தார். பால்புழு வைரஸ் நோய், தீட்டும் இல்லை மண்ணும் இல்லை என்று முதன்முதலில் என்னிடம் சொன்ன புண்ணியவதி அவர்தான். மருந்து இருக்கிறதா என்றேன். மருந்து கிடையாது, சுத்தம்தான் என்றார். தேடினால் தப்பா என்றேன். தப்பில்லை, ஆனால் தட்டில் பாதிக்குப் போடு, பாதிக்குப் போடாமல் வை, அப்போதுதான் நம் ஆசையைத் தாண்டி உண்மை தெரியும் என்றார்.

முதலில் வேப்பிலைச் சாற்றை இலையில் தெளித்தேன். புழுக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டினி கிடந்தன. துளசி போட்டேன். தின்றன, அப்படியே பாலும் கட்டின. ஒரு நாள் ஊதிய புழுவைக் கையில் வைத்துப் பார்த்தபோது, அதன் மஞ்சள் தோல் எனக்குக் காமாலை வந்தவனின் கண்ணை நினைவுபடுத்தியது. காமாலைக்கு எங்கள் பக்கத்தில் கீழாநெல்லியை விட்டால் வேறு பேச்சே இல்லை. வரப்பில் வேண்டிய மட்டும் கிடந்தது. வேரோடு பிடுங்கி, அலசி, அரைத்து, துணியில் வடிகட்டி, இலையில் தெளித்து நிழலில் உலர்த்திப் போட்டேன். கசப்பு லேசாக இருந்ததால் புழுக்கள் முகம் சுளிக்காமல் தின்றன.

மழை பிடித்ததும் பால் நோய் வந்தது. சாறு போடாத பாதியில் பெரும்பாலும் போய்விட்டது. சாறு போட்ட பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும்தான் ஊதியது. மறுபடி செய்தேன், மறுபடியும் அப்படித்தான். ஆனால் ஒன்று: முன்கூட்டியே சாறு தின்ற புழுதான் தாங்கியது. பால் கட்டிய புழுவுக்குக் குடம் குடமாக ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. சந்திரா அம்மா பார்த்துவிட்டு, இன்னும் பல பேர் பல இடத்தில் செய்து பார்க்க வேண்டும் ரஞ்சிதம், அவசரப்பட்டு மருந்து என்று சொல்லாதே என்றார். சரி என்றேன். எனக்கு அது மருந்தோ இல்லையோ, என் கையில் ஒரு கத்தி வந்துவிட்டது.

அடுத்த ஆடி. கண்டிகையில் மறுபடியும் பால் தலைகாட்டியது. மணவூரில் ஏதோ சாற்றால் ரஞ்சிதத்தின் புழு பால் கட்டாமல் நிற்கிறது என்கிற சேதி எப்படியோ அங்கே எட்டிவிட்டது. துரைக்கண்ணு வந்து நின்றான். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவன், நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"ஊரே உன்னதான் நம்பிகினு கீது. அந்தச் சாறு கொஞ்சம் கொடு."

"கொடுக்கறேன். நம்ம வூட்டுப் புழு எப்படி கீது? விளிம்புல ஏறுதா?"

"ஏறிகினுதான் கீது. முக்காவாசித் தட்டு."

"மத்தவங்க வூட்டுல?"

"அதுங்க இன்னும் சின்னப் புழு. நேத்துதான் ஒண்ணு ரெண்டு தெரிஞ்சிது."

எங்கள் வீட்டுத் தட்டுகளுக்கு இனி கீழாநெல்லி கேட்காது, எதுவுமே கேட்காது என்று எனக்குப் புரிந்தது. அதை நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை.

"பாவாவுக்குக் காப்பு கட்டியாச்சா?"

"ஆங், கட்டியாச்சி. கிருத்திகைக்குக் கெளம்பறாரு."

"நீங்க போங்க. நானே எடுத்துகினு வரேன்."

இரண்டு பித்தளைக் குடம் நிறையச் சாறு எடுத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அரக்கோணத்தில் மாறி, திருத்தணியில் இறங்கி, அரோகரா கூட்டத்தில் நசுங்கி, கண்டிகை பஸ்ஸைப் பிடித்தேன். நான் இறங்கியபோது டீக்கடை வாசலில் பாவாவின் காவடிக்குப் பூச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் வேட்டி, மார்பு முழுக்கச் சந்தனம், கையில் காப்பு. ஊர்க்காரர்கள் காவடியை விட்டுவிட்டு என் குடங்களைச் சுற்றி நின்றார்கள். போன வருஷம் கதவைச் சாத்தியவள்கள் எல்லாம் "வா ரஞ்சிதம்" என்றார்கள். அடேங்கப்பா, என்ன பாசம்!

குடங்களைப் பெஞ்சியில் வைத்துவிட்டு ஒன்றின் மேல் கை வைத்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் கொடுக்கத்தான் வந்தேன். பாவா ஒண்ணே ஒண்ணு சொல்லட்டும். போன ஆடியில நம்ம வூட்டுப் பால்புழுவ எங்க வுட்டீங்க பாவா?"

பாவா காவடியின் பூவைச் சரிசெய்தார். "மலைக்குப் போற நேரத்துல இன்னா பேச்சு இது."

"மலைக்குப் போற நேரத்துலதான் கேக்கணும். கையில காப்பு கீது. அந்தக் கையை நீட்டிகினு சொல்லுங்க. நான் தூரமா இருந்தனா? தட்டைத் தொட்டுத் தீட்டாக்கினனா? ஆமான்னு சொல்லுங்க, குடத்த இங்கயே வெச்சிட்டு அடுத்த பஸ்ல போய்க்கினே இருக்கேன்."

இதற்காகத்தான் அந்த வருஷம் பூராவும் ஆடிக்குக் காத்திருந்தேன். மற்ற நாளில் கேட்டால் அந்த ஆள் நாக்கு நாலு பக்கமும் புரளும். காப்புக் கட்டிய கையோடு பொய் சொன்னால் காவடி ஏறாது. படியிலேயே காவடி தள்ளும், குடும்பம் அழியும் என்று நம்புகிறவர் அவர். ஊரும் நம்புகிறது. அவர் கழுத்தில் வேர்வை சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. பெரியவர் ஒருவர், "சொல்லு பஞ்சாட்சரம், இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுக் கெளம்பு" என்றார். எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்பதை எழுதவே முடியாது.

"அவ தொடல" என்றார் கடைசியில். "அவ மேல தப்பு இல்ல. விரதத்துல சாவடிக்கக் கூடாதுன்னு கால்வாய்க் கரையில வுட்டோம்."

கூட்டம் கொந்தளித்தது. எவனோ காவடிக் கழியை உதைத்தான். எங்கள் புழுவைக் கொன்றது நீயா என்று பெண்கள் மண்ணை வாரி வீசினார்கள். நான் துரைக்கண்ணுவைத் தேடினேன். டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றான். கேட்டாயா, கேட்டாயா என்று அவனிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அப்போது யாரோ கேட்டார்கள். "வுட்டோம்னா? கூட யாரு?"

காப்பு கட்டிய கை. பாவாவால் நிறுத்த முடியவில்லை.

"மொத நாளு நான் வுட்டேன். மறுநாளு எனக்கு மலையில வேலை. தம்பிய அனுப்பிச்சேன். அவன்தான் விடியறதுக்கு முன்ன மொறத்துல அள்ளிகினு போய் வுட்டான்."

துரைக்கண்ணு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். இல்லை என்று சொல்லவில்லை. அரக்கோணத்தில் நூலுக்கு நின்றேன் என்றும் சொல்லவில்லை.

ஒரு வருஷம் நான் அடித்த அத்தனை அடியும் தப்பான ஆள் மேல் விழுந்திருக்கிறது. பாவா தன் தலையைக் காப்பாற்றப் பொய் சொன்னார். இவன், என்னோடு ஒரே பாயில் படுத்தவன், என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணவூர் வரை வந்தவன், எல்லாம் தெரிந்தே எனக்கு இன்னா தெரியும் என்றான்.

அழவில்லை. குடத்துத் துணியை அவிழ்த்து, வந்த பாத்திரங்களுக்கெல்லாம் சாறு ஊற்றினேன். எப்படித் தெளிப்பது, எப்படி உலர்த்துவது என்று சொன்னேன். பாஞ்சாலி கடைசியாக ஒரு சொம்பை நீட்டினாள்.

"அக்கா, உங்க தட்டுக்கு இது கேக்காது. பால் கட்டியாச்சி. மொத்தத்தையும் சுண்ணாம்புக் குழியில போடணும். இல்லன்னா இந்தச் சாறும் ஊரைக் காப்பாத்தாது."

"அப்ப இன்னாத்துக்கு என்னைச் சொல்ல வெச்ச?" என்றார் பாவா.

"சாறு கொடுக்கறேன்னுதான் சொன்னேன். உங்க புழு பொழைக்கும்னு எப்ப சொன்னேன்?"

ஊரே கொட்டகைக்கு வந்து நின்று பார்த்தது. அண்ணனும் தம்பியும் தட்டு தட்டாகத் தூக்கிவந்து குழியில் கொட்டினார்கள். காப்புக் கையால்தான் பாவா கொட்டினார். சுண்ணாம்பு போட்டு மூடுகிற வரைக்கும் நான் நகரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்குத் துரைக்கண்ணு பின்னாலேயே வந்தான்.

"எல்லாம் முடிஞ்சிடுச்சி இல்ல. உன் பேருல இருந்த பழி போயிடுச்சி. வூட்டுக்கு வா."

வாழ்நாளில் முதல் தடவையாக அவனை நீ என்றேன்.

"அவரு காப்பு கட்டிகினு இருந்தாரு, பொய் சொல்ல முடியல. நீ இன்னாத்த கட்டிகினு இருந்த, உண்மைய சொல்ல முடியல?"

"அண்ணன் பேச்ச எப்படி மீறுவேன்?"

"மீறாத. அவரோடயே குடும்பம் நடத்து."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

அந்த வருஷம் கண்டிகையில் பலருக்குப் பாதிக்கு மேல் கூடு கிடைத்தது. சாற்றாலா, சுண்ணாம்புக் குழியாலா என்று சந்திரா அம்மாவுக்கு இன்னும் சந்தேகம்தான். ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் மணவூருக்கு ஆள் வருகிறது. அந்த வீட்டிலிருந்தும் வருகிறது. பாவா வரமாட்டார், தம்பியை அனுப்புவார். இந்த மனுஷன் அப்போதும் அண்ணன் பேச்சை மீறமாட்டான். சொம்பைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்கு நடுவில் வரிசையில் நிற்பான்.

காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர்கள் காசு வாங்காமல் வந்தவரின் பெயரை மட்டும் கேட்பது வழக்கம். நானும் அப்படித்தான். அவன் முறை வரும்போது நிமிர்ந்து பார்த்துக் கேட்பேன்.

"யாரு?"

"துரைக்கண்ணு."

"எந்தத் துரைக்கண்ணு?"

தலையைக் குனிந்துகொண்டு சொல்வான். "பொண்டாட்டி மேல பழி விழுந்தப்ப, தெரிஞ்சிகினே வாய மூடிகினு நின்ன துரைக்கண்ணு."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்வான். அதற்குப் பிறகுதான் ஊற்றுவேன்.